படத்தில் காலியாக இருக்கும் அறை

கும்மிடிப்பூண்டி
9.11.2025

அன்புள்ள தானியேல் அண்ணனுக்கு,

ஜெபா எழுதுகிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது. சொல்ல வந்தது வேறு. அதைப் போனில் சொன்னால் கத்திவிடுவேன், அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். அதனால்தான் கடிதம்.

தை மாதம் நீ வேலைக்கு ஏறப்போகும் ரோந்துக் கப்பலைப் பற்றித்தான். சின்னவன் வரைந்த கப்பலில் பெரியவன் போகிறான் என்று அம்மா சர்ச் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

கப்பல் இருபத்தைந்து வருஷம் ஓட வேண்டும். ரேடார் ஏழெட்டு வருஷத்தில் பழசாகிவிடும். பின்னால் வரும் கருவிகளுக்காக மேல்தளத்தில் ஓர் அறை, பதினைந்து டன் எடை ஏற்ற இடம், கேபிள் போக வழி, எல்லாம் காலியாக விட்டு வரைந்தோம். அதற்கே எனக்கு இரண்டு வருஷம் போனது.

இப்போது அது விருந்தினர் அறை. கிரானைட் தரை, தேக்கு அலமாரி, குளியல் தொட்டி. ரோந்துக் கப்பலில் குளியல் தொட்டி, அண்ணா. கேபிள் வழியில் ஏசி குழாய். பார்வையிட வந்த பெரிய மனிதர் ஒருவர் இதை ஏன் சும்மா போட்டிருக்கிறீர்கள் என்றாராம். அவ்வளவுதான்.

புதுக் கருவி வரும்போது எங்கே வைப்பது என்று மேனேஜர் தணிகைவேலிடம் சண்டைக்குப் போனேன். "அப்போ நீயும் இருக்கமாட்ட, நானும் இருக்கமாட்டேன். இன்னாத்துக்குடா பேஜாரு?" என்றார். திருநின்றவூரில் இவர் புதுவீடு புகுந்தபோது போயிருந்தேன். மகன் மாடி எடுப்பான் என்று மொட்டைமாடியில் தூணுக்குத் தூண் ஆளுயரக் கம்பி விட்டிருக்கிறார். துருப்பிடிக்காமல் சிமெண்ட் பால் வேறு. சொந்த வீடு என்றால் தெரிகிறது.

போன வாரம் கப்பலைச் சாய்த்து எடை பார்த்தோம். பதினைந்து டன்னில் மிச்சம் இரண்டு. ஏறின பாரமெல்லாம் உயரத்தில். இதன்மேல் புதுக் கருவியும் ஏற்றினால், பெரிய அலையில் சாய்கிற கப்பல் நிமிருமா என்பது சந்தேகம். படத்தில் அறையைக் காலியாகவே விட்டு, அறிக்கையில் பதினைந்து என்றே போடச் சொன்னார்கள்.

போட்டேன். என் ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது, நீட்டிப்பது தணிகைவேல் கையில். கையெழுத்து போட்ட அன்று கேண்டீனில் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார். நானும் தின்றேன். இரண்டு.

ஒன்று கேட்கிறேன். புதுக் கருவி ஏற்ற ஆட்கள் வருவார்கள், படத்தை விரித்து இடம் இருக்கிறது என்பார்கள். அடியில் என் பெயர் இருக்கும். நம்பாதே. மறுபடி எடை பார்க்கச் சொல். கேட்கவில்லை என்றால் இந்தக் கடிதத்தைக் காட்டு. என் வேலையைப் பற்றி யோசிக்காதே. அறிக்கையில் போட்ட அதே கையெழுத்தைத்தான் இங்கேயும் போடுகிறேன்.

ஆண்டவர் உன்னை நிமிர்த்திக் கரை சேர்க்கட்டும்.

உன் தம்பி,
ஸ்டீபன் ஜெபா