நோய்க்கும் முறை வைத்துவிட்ட எங்கள் குப்பத்துக்கு மருத்துவ வேனை மறுபடி அனுப்பக் கேட்டு

அனுப்புநர்:
அங்காளம்மாள், கணவர் பெயர் சம்பந்தம்,
கோயில் தெரு, ஆண்டிமேட்டுக்குப்பம்,
பழவேற்காடு அஞ்சல், பொன்னேரி வட்டம்.

பெறுநர்:
சார் ஆட்சியர் அவர்கள்,
பொன்னேரி.

பொருள்: கம்பெனி உதவியில் வந்துகொண்டிருந்த மருத்துவ வேன், ஊரில் நோயே இல்லை என்று நிறுத்தப்பட்டது – மறுபடி வரச் செய்யக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் ஐந்தாம் வகுப்பு தேறியவள். மனு எழுதித் தருகிறேன் என்று தங்கள் அலுவலக வாசலில் உட்கார்ந்திருப்பவரைத் தாண்டி, என் கையாலேயே எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். எழுத்தில் பிழை இருக்கலாம், விஷயத்தில் கிடையாது.

1. சென்னையில் உள்ள ஒரு பெரிய கம்பெனி, 'கரைவிளக்கு' என்ற தர்ம ஸ்தாபனத்துக்கு உதவி செய்து, அவர்கள் மூலமாகச் செவ்வாய்க்கிழமைதோறும் எங்கள் குப்பத்துக்கு மருத்துவ வேன் அனுப்பிவந்தது. வேனில் சிவப்புச் சிலுவைக் குறியைவிடக் கம்பெனி பெயர் பெரியதாக இருக்கும். அதில் எங்களுக்கு வருத்தமில்லை, கொடுத்தவர் பெயர் தெரியத்தானே வேண்டும். வந்த டாக்டரம்மா வெண்ணிலா தங்கமானவர்.

2. கோளாறு எங்கள் பக்கம் நடந்தது. ஏரியில் எங்களுக்குப் 'பாடு' உண்டு. நல்ல இடத்தில் எல்லோரும் ஒரே நாளில் வலை கட்டினால் சண்டை வரும் என்று, முறை வைத்துத் தொழில் செய்வோம்; அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். வேன் வந்த முதல் நாளே நெரிசலாகி, வாய்ச்சண்டையும் ஆனது. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பார்த்தார்கள், டாக்டருக்கும் பாடு வைத்துவிட்டார்கள். ஒரு வாரம் கோயில் தெரு, அடுத்த வாரம் கரைத் தெரு என்று மாறி மாறி. சண்டை நின்றது. நோய் மட்டும் முறை பார்க்காமல் வந்துகொண்டிருந்தது.

3. முறை வந்தவர்கள், உடம்பு நன்றாக இருந்தாலும் அதை விடுவதில்லை. பாடு என்றால் விட்டுக்கொடுத்துப் பழக்கமில்லாத ஊர். தனியாளாகப் படகைக் கரையேற்றும் தனசேகரும் வரிசையில் நின்று சத்து மாத்திரை வாங்கினார். "ஏண்ணா, இந்த ஊர்ல யாருக்குமே ஒண்ணும் இல்லியா?" என்று டாக்டரம்மா கேட்டதற்கு, "எங்க ஏரிக் காத்து அப்படி டாக்டரம்மா" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தார். காய்ச்சல்காரர்கள் அடுத்த தெருவில் முறைக்காகப் படுத்திருந்தார்கள்.

4. இதைக் கேள்விப்பட்ட கம்பெனி, தன் உதவியால் ஊரே குணமாகிவிட்டது என்று மகிழ்ந்து, வேனை வேறு ஊருக்கு மாற்றிவிட்டது. படகுத்துறையில் 'முழு ஆரோக்கியக் கிராமம்' என்று பலகை நட்டுக் கேக்கும் வெட்டினார்கள். கேக்குக்கு மட்டும் யாரும் முறை வைக்கவில்லை, எல்லோரும் போனோம்.

5. மாலதி என் மருமகள். ஏரியில் இறால் தடவிப் பிடிக்கையில் சிப்பி ஓடு காலைக் கிழித்தது. சர்க்கரை உடம்பு. எங்கள் முறையன்று டாக்டரம்மா கட்டுப்போட்டு, அடுத்த வாரமும் கட்டாயம் வரச் சொன்னார். அது கரைத் தெருவின் வாரம். வேன் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போயிற்று. போகச் சொன்னேன். "வேற தெரு பாட்டுல நான் போய் நின்னா நம்மள இன்னா சொல்வாங்க அத்தே?" என்று உட்கார்ந்துவிட்டாள். பிறகு வேனே வரவில்லை, இவள் காயத்தை நோய்க் கணக்கில் சேர்க்கவில்லை போலும். பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை அழைத்துப்போனேன், வாராவாரம் வரச் சொன்னார்கள். ஊன்ற முடியாத காலோடு பஸ் மாறிப் போய்வர அவளால் ஆகவில்லை. புண் ஓரமெல்லாம் கருத்து வருகிறது. இரவில் முனகுவதை எனக்குக் கேட்காமல் முனகப் பார்க்கிறாள்.

6. போன வாரம் ஊர்க்கூட்டத்தில் நான் எழுந்து பேசினேன். வைத்தியத்துக்கு இனி முறை கிடையாது என்று முடிவாகிவிட்டது. தனசேகரும் இதுவரை வாங்கிய சத்து மாத்திரை போதும் என்று ஒத்துக்கொண்டார்.

ஆகவே, தாங்கள் கம்பெனிக்கும் ஸ்தாபனத்துக்கும் ஒரு வார்த்தை எழுதி, வேனைச் சீக்கிரம் திருப்பிவிட வேண்டுகிறேன். அவர்கள் உதவியில் குறையில்லை, நாங்கள்தான் பங்கு போட்டுக் கெடுத்தோம் என்றே எழுதுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டோம். பலகையையும் பிடுங்க வேண்டாம், வலை காயப்போட உதவுகிறது. வேன் வந்ததும் மாலதியைத்தான் முதலில் ஏற்றுவோம். இன்றைக்கு நம் முறை இல்லையே என்று அவளே தயங்கினால், அவளுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
ச. அங்காளம்மாள்
(கையெழுத்து, கைநாட்டு அல்ல)

இடம்: ஆண்டிமேட்டுக்குப்பம்
நாள்: 18.08.2025