ஒற்றைக் கண் ஜெபம்

மார்ச் 3, ஞாயிறு
ஜெபத்தில் சபையார் இரண்டு கண்களையும் மூடுவார்கள். நான் ஒன்றை மட்டும். மற்றது வேலையில் இருக்கும்: யாருக்குப் புதுப் புடவை, யார் கொட்டாவி விடுகிறார்கள்.

இன்று மாலை அந்தக் கண் பார்த்தது டயர் கடைக்காரனை. கீழே கடை வைத்துக்கொண்டு, மாடியில் நாங்கள் கூடும் அறையும் தனக்கே வேண்டும் என்று மிரட்டிக்கொண்டிருந்தவன். கூட இரண்டு தடியன்கள். கையில் இரும்புக் கம்பி. நான் கூச்சல் போட்டு எச்சரித்திருக்கலாம். போடவில்லை.

முதல் அடி பாஸ்டர் மண்டையில். அவர் மேஜையைத் தட்டி ஜெபத்தை முடித்துவிட்டார் என்று நினைத்துப் பாதிச் சபை ‘ஆமென்’ என்றது. சிரிப்பதா இதற்கு? உடனே தடியன்கள் விளக்கை அணைத்துவிட்டார்கள். இருட்டில் எலும்பு முறியும் சத்தம், குழந்தைகளின் அலறல். என் தொப்பை பெஞ்சுக்கடியில் நுழைந்ததுதான் இன்றைய ஒரே அற்புதம். சட்டையெல்லாம் பாஸ்டரின் ரத்தம்.

மார்ச் 4
போலீசிடம் எல்லாரும் ஒரே பதில்: கண்ணை மூடியிருந்தோம். நானும் அதையே சொன்னேன்.
“ஒருத்தர்கூடவா திறக்கல? என்ன ஜெபம்யா அது?” என்றார் இன்ஸ்பெக்டர்.

மார்ச் 6
என் கடையில் மிக்சி ரிப்பேர் செய்துகொண்டிருந்தேன். டயர் கடைக்காரன் உள்ளே வந்து ஷட்டரை இறக்கினான்.
“அண்ணே, நீங்க ஒத்தக் கண்ணைத் தொறந்து என்னைப் பாத்தீங்கல்ல?”
சூடாக இருந்த, ஈயம் பற்றவைக்கும் கம்பியை எடுத்து என் புறங்கையில் வைத்து அழுத்தினான். தோல் பொரிந்தது.
“இப்ப கையில வச்சேன். அடுத்தது கண்ணுலதான்.”

மார்ச் 7
கர்த்தாவே, பயமா இருக்கு. வேற ஒண்ணும் வரல.

மார்ச் 9
ஆஸ்பத்திரியில் பாஸ்டருக்கு நினைவு திரும்பிவிட்டது. முதலில் கேட்டாராம், “எல்லாரும் பத்திரமா வீட்டுக்குப் போனாங்களா?” பெஞ்சுக்கடியில் கிடந்தவனையும் சேர்த்துத்தானே கேட்டிருக்கிறார்.

வீட்டில் மனைவி பிடித்துக்கொண்டாள். “ஜெபத்துல எங்க அக்கா எத்தனை வளையல் போட்டிருந்தான்னு சொல்ற ஆளு நீங்க. உங்களுக்கா தெரியாது?”
“பயமா இருக்குடி.”
“எனக்கு மட்டும் இல்லையா? பயந்துகிட்டே போங்க. தைரியசாலிங்களுக்கு மட்டுமா அவரு கடவுள்?”

மார்ச் 11
போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்புகிறேன். ஆண்டவரே, நீங்க முன்னாடி நடங்க.

மார்ச் 24, ஞாயிறு
அவர் சொல்லச் சொல்ல எழுதுவது, மனைவி.

ஸ்டேஷனில் மூவரையும் அடையாளம் சொன்னேன். டயர் கடைக்காரனை அன்றே பிடித்தார்கள். திரும்பி வரும் வழியில் மற்ற இரண்டு தடியன்களும் என்னைத் தெருவில் தள்ளி, வலது கையைக் கல்மேல் வைத்து உடைத்தார்கள். எத்தனை அடி என்று தெரியாது. பல்லும் இரண்டு போயிற்று. பெரிய ஜெபமெல்லாம் வரவில்லை. ‘விட்டுடாதீங்க’ என்று மட்டும் ஆண்டவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் விடவில்லை. மறுநாள் அந்தத் தடியன்களும் ஜெயிலுக்குள்ளே.

இன்று மாலை அதே மாடி அறையில் கூட்டம். ஆரம்ப ஜெபம் நான் செய்ய வேண்டும் என்று பாஸ்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். இரண்டு பல் இல்லாத வாயால்.

‘இன்னும் பயமாகத்தான் இருக்கிறது என்று எழுது’ என்கிறார். எழுதிவிட்டேன். சட்டைக்குள் ஒரு கையை நுழைத்துக்கொண்டு நிற்கிறார். கட்டுப்போட்ட கையின் மேல் சட்டையின் மறுபாதியை நான் போர்த்திவிட வேண்டும். போகிறேன்.