பக்கத்து மனை

நம் மாமனார் வாங்கிப்போட்ட பழைய பீரோவின் கதவில் ஒரு வரைபடம் ஒட்டியிருக்கிறது. என் பேத்தி கயல் தன் படிப்புக்காகப் போட்டது. எந்த ஊரில் வீட்டு விலை ஏறியிருக்கிறதோ அங்கெல்லாம் சிவப்பு. சென்னை மிளகாய்ப்பழம் மாதிரி இருக்கிறது. திருவாரூர், நாகப்பட்டினம், நம் ஊர் எல்லாம் அறுப்பு முடிந்த வயல் போல வெளிறிக் கிடக்கிறது. காலையில் சேலை எடுக்கப் போகும்போதெல்லாம் அந்தச் சிவப்பு என் முகத்துக்கு நேரே நிற்கிறது. உடனே உன் நினைவு வந்துவிடுகிறது. நீ கண்ணை மூடிப் பதினோரு மாதம் ஆகிறது. அந்தச் சிவப்புக்கு நடுவில்தானே உன் வீடு?

ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர்கள் நாம். நான் மூத்தவர் மனைவி, நீ இளையவர் மனைவி. நான் அஞ்சாவதோடு நின்றவள், நீ பத்தாவது. அதை நீ ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் உன்னோடு சண்டை போட்டாவது ஆறியிருப்பேன்.

பங்கு பிரித்து ஆளுக்கு ஆறு மா நஞ்சை, இரண்டு ஏக்கர், வந்தது. அதில் பாதியை விற்றுச் சென்னையில் மனை வாங்கப் போகிறேன் என்றாய். பார்க்க எல்லோரும் போனோம். ஏரி ஓரத்தில் முட்செடி, நடுவில் கணுக்கால் தண்ணீர். பக்கத்து மனையும் விலைக்கு இருந்தது. "நாமளும் மூணு மாவ வித்துட்டு இத வாங்கிப் போடலாமா?" என்று என் வீட்டுக்காரர் என் காதோரம் கேட்டார். நான் கடலோரத்தில் உப்பேறிய மண்ணில் பிறந்தவள் இல்லையா? குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினேன்.

"களர் மண்ணு, உப்புக் கரிக்குது. கீரை கூட வராது. இதுக்கா நம்ம நஞ்சைய விக்கிறது?"

நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். "ஏன்க்கா, நான் என்ன நாத்தா நடப் போறேன்? வீடுதான கட்டப் போறேன்."

நீ வாங்கினாய். நாங்கள் பஸ் ஏறி வந்துவிட்டோம். ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவள் நான்தான்.

அப்புறம் ஒவ்வொரு பொங்கலுக்கும் நீ வரும்போது ஒரு மாற்றம் தெரியும். ஒரு வருஷம் மாடி எடுத்திருப்பாய், ஒரு வருஷம் உன் மகன் குமார் காரில் கூட்டிவருவான். எனக்குச் சோறு இறங்காது. ஒரே ஒரு தடவை மனசு குளிர்ந்தது. "அக்கா, ரெண்டு மூட்டை வண்டல் போட்டுக் குடுங்க. அங்க மண்ணு ஒண்ணுத்துக்கும் ஆகல. ஒரு செடி வர மாட்டேங்குது" என்றாய். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டே ஒரு வருஷம் ஓட்டினேன். வாய்க்கால் கரையில் நானே இறங்கி வெட்டிக் கொடுத்தேன்.

மறு வருஷம் கை நீளத்துக்கு முருங்கைக்காய் கொண்டுவந்தாய். "உங்க மண்ணு உங்களுக்கே திரும்பி வந்துருச்சு பாருங்க." சாம்பார் வைத்தேன். எல்லோரும் இன்னும் இன்னும் என்று ஊற்றிக்கொண்டார்கள். நான் மட்டும் "நார்" என்றேன்.

கயல் எனக்கு ஒன்று விளக்கினாள். "அப்பாயி, ஒரு எடத்துல வெலை ஏறுனா அது பக்கத்து எடத்தையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போகும். வேலை, ஆஸ்பத்திரி, காலேஜ் எல்லாம் ஒரே பக்கமா குமிஞ்சா அப்படித்தான். நம்ம பக்கம் அது வந்து சேரவே இல்ல."

எனக்குப் புரியாமலா போகும்? மேல் வயல் நிரம்பினால் மடை வழியாகக் கீழ் வயலுக்குத் தண்ணீர் வருவது போலத்தான். மேல் மடையை அடைத்தால் கடைமடை காயும். ஆனால் அவள் பக்கத்து இடம் என்று சொன்னதும் மற்றதெல்லாம் காதில் விழவில்லை. எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு பக்கத்து மனைதான்.

இப்போது அவளுக்கே சென்னையில் வேலை கிடைத்திருக்கிறது. நம் குடும்பத்தில் இவ்வளவு படித்தவள் இவள்தான், அதைச் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் வாடகைக்கு வீடு அமையவில்லை. குமார் போனில் கூப்பிட்டான். "பெரியம்மா, மாடி சும்மாதான் கெடக்கு. கயல் வரட்டும்."

"வேணாம்ப்பா. ஆபீஸ் பக்கத்துலயே பாத்துக்குறோம்."

"ஆபீஸ் பக்கத்துலயா?" என்று கயல் தலையில் அடித்துக்கொண்டாள். "நம்ம ஆறு மாவையும் வித்தாலும் அங்க ஒரு அடுப்படிதான் கெடைக்கும் அப்பாயி."

உன் வீட்டு மாடியில் என் பேத்தி ஓசியில் இருப்பதா? திரும்பவும் முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் குமார் சொன்னான்: "அம்மா கடைசியா ஆஸ்பத்திரில இருந்தப்பவே சொல்லிட்டாங்க பெரியம்மா. 'கயல் வேலைக்கு வந்தா மாடி அவளுக்குத்தான். ஒங்க பெரியம்மா வேணாம்பாங்க. வாடகை கேளு, அப்பதான் ஒத்துக்குவாங்க'ன்னு."

"எவ்வளவு கேக்கச் சொன்னா?"

"வருசத்துக்கு ரெண்டு மூட்டை வண்டல்."

போனை வைத்தேன். நிலத்தில் ஜெயித்தாய், வீட்டில் ஜெயித்தாய். என் மனசை எனக்கு முன்னால் அளந்து வைத்ததிலும் நீதான் ஜெயிக்க வேண்டுமா? அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட எரிகிறது.

இருந்தாலும் வாய்க்காலில் இறங்கினேன். மட்டமான மண்ணாகப் பார்த்துப் போடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. கை போகவில்லை. நல்ல கறுப்பு வண்டலாக வெட்டி, மூட்டை வாய் கொள்ளாமல் அமுக்கிக் கட்டினேன். கயல் வண்டி ஏறும்போது ஒன்றே ஒன்று சொன்னேன். "பக்கத்து மனைல என்ன கட்டியிருக்காங்கன்னு மட்டும் எனக்குச் சொல்லாத."

போய்ச் சேர்ந்த அன்றே கூப்பிட்டாள். "சொல்லாதன்னீங்க, அதனால சொல்லல அப்பாயி. ஆனா அண்ணாந்து பாத்தா கழுத்து வலிக்குது."

நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது எனக்குத் தெரிகிறது. சிரித்துக்கொள். அன்று துப்பிய மண்ணின் உப்பு இன்னும் என் நாக்கில்தான் இருக்கிறது. பொங்கலுக்குக் கயல் உன் வீட்டு முருங்கைக்காயைக் கொண்டுவருவாள். சாம்பார் வைப்பேன், இரண்டு தடவை ஊற்றிக்கொள்வேன். அப்போதும் நார் என்றுதான் சொல்வேன்.