அப்பாவுக்கு ஒரு கவளம்

அன்புள்ள அம்மா,

உன் முழங்கால் வலி தேவலையா? நம் ஊர் பைன் ரிட்ஜில் பனி தொடங்கிவிட்டதா? நான் நலம். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், நம்பு.

ஜெயித்துவிட்டேன் அம்மா! நம் லகோட்டா பழங்குடி வழக்கப்படி, நான் சாப்பிடும் முன் இறந்துபோன அப்பாவுக்கு ஒரு கவளம் எடுத்துத் தண்டவாளத்தோரப் புல்லில் வைப்பேன். எங்கள் தண்டவாள வேலைக்கு மேஸ்திரியான ஹாலிஸ் தினமும் கத்துவார்.

"நரிக்கு விருந்தா? இன்னொரு தடவை வெச்சே, வேலை போயிடும்!"

"போகட்டும். எங்கப்பாவைப் பட்டினி போட்டுட்டு எனக்குத் தொண்டையில இறங்காது" என்றேன்.

போன வாரம் ஹாலிஸின் தாய் இறந்துவிட்டார். வேலைக்குத் திரும்பிய அன்று மதியம், ஒரு துண்டு சோள ரொட்டியோடு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"எங்கம்மாவுக்கும் வெச்சுடறியா?"

"உங்க கையாலயே வைங்க. அவங்களுக்கு அதுதான் பிடிக்கும்."

வைத்தார். இப்போது எங்கள் ஆட்கள் எல்லோரும் வைக்கிறார்கள்; புல்லில் இடம் போதவில்லை!

எங்களை வேலைக்கு ஏற்றிப்போகும் வண்டி வந்துவிட்டது. நீ இடித்துக் காயவைத்த காட்டுச் செர்ரி வில்லைகளை அனுப்பு. கடை ரொட்டி தின்று தின்று அப்பாவுக்கு நாக்கு செத்துவிட்டது. கொஞ்சம் கூடுதலாகவே அனுப்பு. அவர் தனியாகச் சாப்பிட மாட்டார், உனக்குத் தெரியுமே.

உன் மகள்,
ஆர்டெல்