மொட்டைமாடி அறையின் நிழல்

மார்ச் 4

மொட்டைமாடி முழுக்க சோலார் பலகை மாட்டிவிட்டார்கள். என் அறையைச் சுற்றி ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்கு வழி விட்டிருக்கிறார்கள். அதுவும் எனக்கில்லை, பலகை துடைக்க வருகிறவனுக்காம். மகன் வாசலில் நின்று போகிறவன் வருகிறவனிடமெல்லாம் அளக்கிறான். வீட்டு ஃபேன், கீழே மருமகள் நடத்தும் கேக் கடையின் அடுப்பு, ஃப்ரீஸர், எல்லாம் இனி வெயிலிலேயே ஓடும். மிஞ்சினதைக் கரண்ட் கம்பெனிக்கே கொடுப்பானாம்.

மாட்ட வந்தவனுக்கு ஒட்டடைக்குச்சி என்று பேர் வைத்தேன். அவ்வளவு ஒல்லி.

"ஏம்ப்பா, ராத்திரி சூரியன் லீவு போட்டா?"

"பேட்டரி இருக்குங்க ஐயா."

"மேகம் வந்தா?"

"கொஞ்சம் குறையும். நிழல்தான் ஆகாது. ஒரு பலகை மேல விழுந்தாலும் அந்த வரிசையே படுத்துரும்."

என்னிடம் போய் இதைச் சொன்னானே, பாவி.

மார்ச் 9

போர்வையைத் துவைத்து அறை வாசல் கொடியில் போட்டேன். நிழல் ஓரத்துப் பலகைமேல் அழகாய் உட்கார்ந்தது. மகன் செல்போனில் கரண்ட் அளவைப் பார்த்துக்கொண்டே ஓடி வந்தான். படியில் சத்தம் கேட்டதும் போர்வையை உருவி உள்ளே போட்டுவிட்டேன்.

"அப்பா, இங்க யாராச்சும் வந்தாங்களா?"

"சூரியன் வந்தான். இப்பத்தான் ஒண்ணுக்குப் போயிருக்கான்."

சிரிக்கவில்லை. அவன் என்றைக்குச் சிரித்தான்?

மார்ச் 10

இன்றும் துவைத்தேன். இத்தனை சுத்தமான போர்வை இந்தத் தெருவிலேயே கிடையாது.

மார்ச் 15

கம்பெனி கரண்ட் போன நேரம் பார்த்து பேட்டரியும் காலி. அடுப்பில் இருந்த கேக் நடுவில் குழி விழுந்து உட்கார்ந்துவிட்டது. பெரிய இடத்து ஆர்டர். மருமகள் ஒட்டடைக்குச்சியை வரவழைத்து, கடை வாசலில், வந்தவர்கள் முன்னாலேயே உரித்துவிட்டாள்.

"நீயெல்லாம் ஒரு பல்பு மாட்டக்கூட லாயக்கில்ல!"

அவன் காது சிவந்துவிட்டது. நான் மேலே சன்னலிலிருந்து, "தம்பி, செருப்பக் கழட்டிட்டு ஏறு, சூரியன் கோவிச்சுக்கிட்டான்" என்றேன். எதிர்ச் சலூன்காரன் வரைக்கும் சிரித்தான். ஒட்டடைக்குச்சி தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்தான். சிரித்துச் சிரித்து எனக்கு இருமல் வந்துவிட்டது.

மார்ச் 18

மத்தியானம் ஒட்டடைக்குச்சி மாடிக்கு வந்து பலகைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டான். நான் முன்னாலேயே கொடியிலிருந்து போர்வையை உருவி, மடித்துத் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டேன். பூனை மாதிரி. சாயங்காலம் வரை அசையவில்லை அவன். வெயிலைப் பார்த்தான், என் அறையைப் பார்த்தான். அறையின் நிழல் தரையில் எதுவரை வருகிறதோ அங்கே சாக்கட்டியால் கோடு போட்டான். பிறகு கீழே போய் மகனிடமும் மருமகளிடமும் ரொம்ப நேரம் பேசினான்.

கோடு எதற்கு?

மார்ச் 19

அறையை இடிக்கிறார்களாம்.

மகன் வந்து சொன்னான், என் முகத்தைப் பார்க்காமல். "நிழல் விழுதுப்பா. இது போயிட்டா இன்னும் நாலு பலகை போடலாம். கடைக்கு இன்னொரு அடுப்பு வாங்கலாம்." எனக்கு, கீழே மாவு மூட்டை அடுக்குகிற அறை.

டேய், அதுல ஒரு சன்னல்கூட கிடையாதேடா! இங்க சன்னல்ல நின்னா தெருவே எனக்குத்தான். சலூன்காரன் வழுக்கை, மருந்துக்கடைக்காரி நடை, ஒருத்தரையும் சும்மா விட்டதில்ல. அவங்களும் நிமிந்து, "என்ன பெருசு, இன்னும் போகலையா?"ன்னுவாங்க. அந்த ஒரு கேள்விக்குத்தான் நான் காலைல எந்திரிக்கிறதே. அங்க போய் யாரைக் கிண்டல் பண்ண? மூட்டையையா?

எல்லாம் என் போர்வை பண்ணின வேலை. சொல்லிவிட்டால்? திட்டுவார்கள். திட்டட்டும். அறை மிஞ்சுமே.

மார்ச் 21

சொன்னேன். மருமகள் கேக்குமேல் கிரீம் பூ வைத்துக்கொண்டிருந்தாள்.

"நான்தாம்மா. ரூம் இல்ல. போர்வை. சும்மா வெளாட்டுக்கு."

தலையைத் தூக்கவில்லை. "தெரியும் மாமா. அன்னிக்கே அந்தத் தம்பி சொல்லிட்டாரு. கொடிக்குக் கீழ தரையெல்லாம் ஈரமா இருந்துச்சாம்."

"அப்புறம் எதுக்கு இடிக்கிறீங்க?"

"ஒரு போர்வையே இவ்ளோ திங்குதுன்னா ஒரு ரூம் எவ்ளோ திங்கும்? எனக்கு அது தோணவே இல்ல மாமா. நீங்க காட்டினதுதான்."

இன்னொரு பூ வைத்தாள். மகன் வாசலில் நின்றிருந்தான். "ஏம்ப்பா, நீயாவது சிரியேன்" என்றேன். உள்ளே போய்விட்டான்.

மார்ச் 24

இடித்துவிட்டார்கள். கட்டிலின் ஒரு பக்கத்தை ஒட்டடைக்குச்சிதான் பிடித்தான். பிறகு திரும்பி வந்து, என் முழங்கால் வலியை நினைத்து என் கையையும் பிடித்துக்கொண்டான். ரொம்ப மரியாதையாக, ஒவ்வொரு படியாக. கடைசிப் படியில் காதோரம் குனிந்தான்.

"இப்பக் கோவம் தீந்துச்சுங்களா ஐயா, சூரியனுக்கு?"

நல்ல கிண்டல். நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

மார்ச் 30

மூட்டை பேசவில்லை.

ஏப்ரல் 17

முதல் முறையாக கரண்ட் பில்லில் கட்ட வேண்டியது ஒன்றுமில்லையாம். மருமகள் எனக்கே ஒரு துண்டு கேக் கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டாவது அடுப்பும் வந்துவிட்டது. தெருமுனை அச்சகக்காரர் தன் கடைக்கும் சோலார் போட யோசித்து, பார்க்க வந்தார். மகன் மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினான். இறங்கி வரும்போது பேசியது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது.

"நிழல் கிழல் ஒண்ணும் இல்லையா சார்?"

"ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு. எடுத்தாச்சு."

இங்கே காலையிலிருந்து ராத்திரி வரை லைட் எரிகிறது. "எவ்ளோ வேணாலும் எரிங்க மாமா, வெயிலு சும்மாதானே வருது" என்கிறாள் மருமகள். மத்தியானம் ஒரு தடவை அணைத்துப் பார்த்தேன். என் கையே எனக்குத் தெரியவில்லை.

திரும்பப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.