தேருக்குக் காத்திராத கூட்டம்

மில்லில் மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு, போனில் பழைய போட்டோக்கள் பார்ப்பதுதான் இப்போது என் பொழுதுபோக்கு. யார் யாரோ எடுத்த ஊர்ப் படங்களை, எவரும் பார்க்கட்டும் என்று இணையத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள். நேற்று ஒரு படத்தில் கை நின்றுவிட்டது. ‘தேருக்குக் காத்திருக்கும் மக்கள், ஸ்ரீவில்லிபுத்தூர்’ என்று கீழே எழுதியிருந்தது. தேராவது மண்ணாவது! படத்தின் ஓரத்தில் ஒரு கை, மைக் வயரை இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருக்கிறது. அப்படிப் பிடிப்பவன் இந்த வட்டாரத்திலேயே நீ ஒருத்தன்தான்.

மடவார் வளாகத்துச் சிவன் கோயில் திருவிழாவில் நீ ஒற்றை ஆளாக நின்று சிரிக்கவைத்த சாயங்காலம் அது. எந்தச் சிரிப்புத் துணுக்கையும், மில்லுக்குப் போகும் ராஜபாளையம் பஸ்ஸில் முதலில் என்னிடம் சொல்லிப் பார்ப்பாய். நான் சிரித்தால்தான் அது மேடை ஏறும். “நீ சிரிச்சாப் போதும்லே, ஊரே சிரிச்ச மாதிரி” என்பாய். அன்றைக்கு மட்டும் என்னிடம் சொல்லாமல் ஒன்றை வைத்திருந்தாய். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற என் அப்பாவை முன்வரிசையில் பார்த்ததும் அவிழ்த்துவிட்டாய்.

“எங்க சேக்காளி வீட்டு நாய், அவிய அப்பா பட்டாளத்துப் பரேடு கணக்கா ‘ஸ்டாண்டட்டீஸ்’ சொன்னாத்தான் ஒண்ணுக்கே போகும்!”

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. மறுநாள் பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றாய்.

“செத்த நேரங்கூடச் சிரிப்பு வரலையாலே?”

“இல்ல. எங்கப்பாவ வச்சுச் சிரிக்க நான் என்ன கிறுக்கனா?”

உன் முகம் விழுந்துபோனது. பொறவு நாம் பேசவேயில்லை. ஆறு மாதம் கழித்து, நெஞ்சுவலியில் நீ போய்விட்டாய் என்ற சேதிதான் வந்தது. உன் வீட்டு வாசலில் நின்றபோது அழக்கூட எனக்கு வெட்கமாக இருந்தது.

நேற்று அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அப்பா துண்டை வாயில் திணித்துக்கொண்டு குலுங்குகிறார். பக்கத்தில் நான், கண்ணை மூடி, கடைவாய்ப் பல் தெரிய! மற்றவர்கள் முகத்தில் இன்னும் சிரிப்பு வரவில்லை; ஓரிருவர் மட்டும் அப்பா பக்கம் திரும்பத் தொடங்கியிருக்கிறார்கள், அந்த நாய்ச் சிரிப்பேதான். கூட்டம் அப்பாவைத் திரும்பிப் பார்த்த பிறகுதான் எனக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். கோபத்தை வைத்துக்கொண்டு சிரிப்பை மறந்திருக்கிறேன், படுபாவி.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“அந்தப் பய சொன்னது நெசந்தானப்பா. நீதான் வீடு வாரவரைக்கும் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்த. ஒனக்குப் பிடிக்கலையோன்னு நானும் அடக்கிக்கிட்டேன்.”

இன்று காலையில் அப்பா நாயைக் கொல்லைக்குக் கூட்டிப்போனார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “ஸ்டாண்டட்டீஸ்” என்றார். நாய் காலைத் தூக்கியது. நான் சிரிக்கச் சிரிக்க அழுகை வந்துவிட்டது.

படத்தில் தவறு இருந்தால் எழுதச் சொல்லி அந்த இணையதளத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. இவர்கள் தேருக்குக் காத்திருப்பவர்கள் இல்லை என்று எழுதி, உன் பெயரைப் போட்டேன். அவர்களுக்குச் சொல்லிவிட்டேன். உனக்குச் சொல்லத்தான் வழியில்லை.

அன்னைக்கு நான் சிரிச்சேம்லே. ஊருக்கு முன்னாடி நாந்தான் சிரிச்சிருக்கேன்.