கேட்டுக் கேட்டுத் தடுத்தவள்

துர்க்கு, பின்லாந்து, மே 28

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். இன்று காலை காபி போடுவதற்கு முன்பே கணினியைத் திறந்து, நம் வீடியோ அழைப்புக்கு அனுமதி கொடுத்தேன். மூன்று வாரமாக அதைத் தடுத்து வைத்திருந்தவள் நான்தான்.

பயப்படும்படி ஒன்றுமில்லை. கணினிக்குக் காவலாக, ஃபயர்வால் என்ற மென்பொருளைப் புதிதாகப் போட்டேன். தானே முடிவெடுக்கும் ஒன்றும், எல்லாவற்றுக்கும் நம்மைக் கேட்கும் ஒன்றும் இலவசமாகக் கிடைத்தன. என்னைத் தெரியுமே, கேட்பதையே தேர்ந்தெடுத்தேன். 'அனுமதிக்கவா, தடுக்கவா' என்று அது நச்சரித்தது. தொல்லை பொறுக்காமல் எல்லாவற்றுக்கும் 'எப்போதும் தடு' என்று அழுத்திவிட்டேன். பக்கத்து வீட்டு அவுலிக்கி நேற்று தடுத்தவற்றின் பட்டியலில் நம் வீடியோ அழைப்பும் இருப்பதைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏன்டி ஹெல்வே, திருடனுக்குப் பயந்து பெத்த அம்மாவையே வெளிய நிறுத்திட்டியே!"

நடுக்கோடை விழாவுக்கு வரமாட்டேன் என்றதால் உங்களுக்குக் கோபம், அதனால்தான் அழைக்கவில்லை என்று நினைத்திருந்தேன். போன் செய்து கேட்க வீம்பு விடவில்லை. உங்களுக்கும் அப்படித்தானா? இன்று பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி பின்னி வையுங்கள். வேலைக்கு நேரமாகிவிட்டது.

காலுறையை அனுப்ப வேண்டாம், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். ஆகஸ்டில் முடியும் இந்த ஊர் வேலை ஒப்பந்தத்தை நான் நீட்டிக்கப்போவதில்லை. அவுலிக்கிக்குக்கூட இது தெரியாது.

ஹெல்வே